பந்தயக் காரும் எலுமிச்சம்பழமும்

ஒரு நினைவு மண்டபத்தில் ஒரு பந்தயக் கார் நின்றிருந்தது. தன் கையாலேயே கார் செய்து, தானே ஓட்டி, ஊர் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த வீரபாகுவின் கார் அது. ‘வீரபாகுவின் வேகம் என்றும் ஓயாது’ என்று சுவரில் தங்க எழுத்தில் எழுதியிருந்தது.

ஆயுத பூஜையன்று காருக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, முன்சக்கரத்தின் அடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார்கள்.

“கூடையில இருந்த மத்த பழமெல்லாம் ஆட்டோவுக்கும் லாரிக்கும் போயிருச்சுண்ணே. எனக்குத்தான் நீங்க கிடைச்சீங்க. நல்லா வேகமா ஏறுங்க” என்றது பழம்.

கார் வீரபாகுவை நினைத்துக்கொண்டது. வீரபாகுவின் சட்டையில் எண்ணெய்க் கறை இல்லாத நாளே கிடையாது. அவர் போன பிறகு, பளிங்குத் தரையில் எண்ணெய் சொட்டுகிறது என்று இன்ஜினையே கழற்றி எடுத்துவிட்டார்கள்.

“ஏண்ணே, சத்தத்தையே காணோம்?”

“இரு, இன்ஜின் சூடாகட்டும்” என்று கார் பொய் சொன்னது.

கற்பூரம் காட்டி முடிந்ததும் நாலு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். கார் ஒரு முழம் நகர்ந்தது. பழம் நசுங்கியது. மண்டபமே கைதட்டியது.

பந்தயங்களில் அந்தக் கார் எவ்வளவோ கைதட்டல் வாங்கியிருக்கிறது. இன்று அதற்கு மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சக்கரத்தடியிலிருந்து பழத்தின் குரல் மெல்ல வந்தது.

“ரேஸ் வண்டின்னா ரேஸ் வண்டிதாண்ணே. என்னா வேகம்.”