சுண்டுவிரல் இல்லாத தடம்

செவ்வந்தியும் அவள் கணவன் பகலவனும் நைனார்பாளையத்தில் இரண்டு வீடு பார்த்தார்கள். ஒன்றில் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. பகலவனுக்கு அந்தப் புது வீடே பிடித்துப்போனது. மற்றது முப்பது வருஷப் பழசு. அதன் அடுப்படி சிமென்ட் தரையில் ஓர் இடதுகால் தடம், சுண்டுவிரல் இல்லாமல். தரை போட்ட ஈரத்தில் யாரோ மிதித்துவிட்டதாக புரோக்கர் சொன்னார்.

செவ்வந்தியின் இடதுகால் சுண்டுவிரல் போன வருஷம்தான் போனது, கரும்பு வெட்டும்போது.

பகலவன் முகம் வெளுத்தது. “புது வூடே போதும். இதுல யாரு யாரு இருந்தாங்களோ!”

“நான்தான் இருந்தேன்னு வெச்சிக்கோயா. எனக்கு இந்த வூடுதான்.”

தடத்தில் காலை அழுத்தி வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. எடுத்தபோது உள்ளங்காலில் ஈரச் சிமென்ட். அதைத் துடைக்காமலே வீடு முழுக்க நடந்து பார்த்தாள்.