பக்கத்து சீட்

“அண்ணி, கொஞ்சம் மெதுவாத் தட்டுங்களேன். போட்ட கணக்கு மனசுல நிக்க மாட்டேங்குது.”

“மெதுவாத் தட்டினா எழுத்து மெதுவா விழும். சம்பளமும் மெதுவா விழும்,” என்றாள் நாத்தனார், தலையைத் தூக்காமலே.

டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளைக் காதில் கேட்டு, வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து தருவது நாத்தனாரின் வேலை. நேற்றுவரை தன் அறைக்குள் இருக்கும் இடம் தெரியாமல் செய்துகொண்டிருந்தவள்தான். திடீரென்று, “உள்ளே ஒரே புழுக்கம்” என்று கூடத்துக்கு வந்து, பரீட்சைக்குப் படிக்கும் இவள் மேஜையை ஒட்டியே தன் மேஜையைப் போட்டுக்கொண்டாள். “லேப்டாப்புல பாதி எழுத்து விழல” என்று பரணிலிருந்து ஒரு பழைய கீபோர்டை இறக்கிச் சொருகினாள். அதைத் தட்டினால் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழைதான்.

போதாக்குறைக்குச் சளி வேறு. இவள் மாதிரித் தேர்வைத் திறந்துவைத்தால் போதும், நாத்தனாருக்கு மூக்கு உறிஞ்ச வந்துவிடும். நாற்காலி கிறீச்சிடும். கால் தானாக ஆடும்.

இவள் மேஜையைப் படுக்கையறைக்கு மாற்றிப் பார்த்தாள். மறுநாளே நாத்தனாரும் வந்துவிட்டாள். “ஜன்னல் காத்து இங்கதான் நல்லா வருது.”

சமையலறையில் கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்க அக்காவுக்கு நான் மேல படிக்கிறது பிடிக்கல.”

“சீச்சீ, அக்கா அப்படி இல்ல.”

“பின்ன எப்படியாம்? வியாழக்கிழமை பரீட்சை. வெள்ளிக்கிழமையோட விண்ணப்பம் மூடிடுவாங்க. ஆபீஸ்ல படிக்க லீவு தர்றதும் இந்த வருஷத்தோட சரி. ரெண்டாவது தடவையும் மார்க் குறைஞ்சா எம்.பி.ஏ.வை மறந்துட வேண்டியதுதான்.”

கணவன் சிரித்தான். “போன தடவை பரீட்சை ஹால்ல பக்கத்து சீட்டுக்காரன் கீபோர்டைத் தட்டுன தட்டுல கணக்கே மறந்துபோச்சுன்ன. இந்தத் தடவை பழி அக்கா மேலயா?”

“அவனாவது முன்பின் தெரியாதவன்!”

அதற்குமேல் அவள் யாரிடமும் கெஞ்சவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நாத்தனாருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். நாலு வரி போட்டு நாலு வரி அடித்தாள். அடித்ததை மறுபடி போட்டாள்.

ஒரு நாள், சத்தம் நின்றுவிட்டதே என்று திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் தட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

வியாழக்கிழமை, இவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடிவந்தாள்.

“வந்துடுச்சு! காலேஜ்ல கேட்டதுக்கு மேலயே வந்துடுச்சு! எழுதி முடிச்ச உடனே திரையிலயே காட்டிட்டாங்க!”

கணவன் கையிலிருந்த கரண்டியோடு ஒரு சுற்று சுற்றினான். “எவ்வளவு? எவ்வளவு?”

“பக்கத்து சீட்ல யாரு?” என்றாள் நாத்தனார்.

“ஒரு அம்மா. அந்தக் கீபோர்டு போன ஜென்மத்துல அவங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுச்சோ! கடைசியில எழுந்திரிக்கிறப்பதான் கவனிச்சேன். ஆனா ஒண்ணு, உங்க கால்தூசிக்குப் பெறமாட்டாங்க அண்ணி!”

கணவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“சிரிச்சது போதும்டா, அடுப்பைப் பாரு. தீயுது,” என்றாள் நாத்தனார். “மேனேஜரம்மா, நீங்க முதல்ல விண்ணப்பத்தை அனுப்புங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க.”

இவள் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் பார்த்து நிரப்பினாள். அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோதுதான் வீடு அமைதியாக இருப்பது தெரிந்தது. ஒரு மூக்குறிஞ்சல்கூட இல்லை.

திரும்பினாள்.

நாத்தனார் பழைய கீபோர்டைப் பிடுங்கி, வயரை அதன்மேல் சுற்றி, காலடியில் வைத்துவிட்டிருந்தாள். லேப்டாப்பை அருகே இழுத்து, அதன் எழுத்துகளிலேயே டாக்டரின் குறிப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஓர் எழுத்துகூட விழாமல் போகவில்லை.