நாலு மணி வெளிச்சம்

"இதுல குதிரை எங்கய்யா இருக்கு?"

நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தின் மேல் குனிந்தார். பாரிஸின் புல்வார் சாலை அவர் மேசையில் கிடந்தது. மழை விட்ட மாலை, ஈர வெளிச்சம், கறுப்புத் தீற்றல்களாக ஜனங்கள்.

"மரத்தடியில வெள்ளையாத் தெரியுதே, அதுதாங்க," என்றார் ஓவியர் தியோதுல்.

"எனக்கு யாரோ பாலைக் கொட்டின மாதிரி தெரியுது."

குமாஸ்தா சிரித்தார். சுவரோரம் நின்ற வண்டிக்காரர் கஸ்பாருக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வாரத்துக்கு முன், நாலு மணிக்கு, ஊரின் மறுகோடியில், வெள்ளைக் குதிரை பூட்டிய வாடகை வண்டி ஒன்று ஒரு சீமாட்டியின் காலை உடைத்துவிட்டு நிற்காமல் ஓடியது. சீமாட்டி இவரைக் கைகாட்டிவிட்டார். அந்த நேரம் புல்வார் மரத்தடியில் சவாரிக்குக் காத்திருந்ததாக இவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பார்த்தவர் யாருமில்லை. சிறைக்குப் போனால் உரிமமும் போகும், மூன்று பிள்ளைகள் தெருவில் நிற்கும், பாவம்.

"உன் மூஞ்சியில பொய் தெரியலப்பா," என்றார் நீதிபதி அவரிடம். "ஆனா சட்டத்துக்கு மூஞ்சி போதாது. சாட்சி வேணும்."

கஸ்பாரின் மனைவி நேற்று ஓவியரின் மாடியறைக்கு வந்து அழுதபோதுதான் அவருக்கு இந்தப் படத்தின் ஞாபகம் வந்தது.

"நான் சாட்சிங்க. அன்னைக்கு ஜன்னலோரம் உக்காந்து ஒரே மூச்சுல வரைஞ்சது. பின்னால தேதி இருக்கு பாருங்க. இந்தப் புதுப் பாணிக்காரங்க நாங்க, கண்ணுக்கு முன்னால இல்லாததை வரையறதில்ல. அப்புறமா ஒரு புள்ளிகூட சேர்க்கறதில்ல. அதனாலதானே அரைகுறைன்னு ஊரே எங்களைத் திட்டுது?"

"நாலு மணின்னு எப்படி நம்பறது?"

"நிழலைப் பாருங்க. விளக்குக் கம்பத்தைத் தொடுது. அஞ்சு மணின்னா கடை வாசலுக்கே போயிருக்கும்."

நீதிபதியின் விரல் மரம், நிழல், கம்பம், கூட்டம் என்று மெல்லத் தடவிப்போய் அந்த வெள்ளையில் நின்றது. விரலை எடுத்து நுனியைப் பார்த்தார். பிறகு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

"இவரை வெளிய அனுப்புங்க. குற்றம் இல்லை."

கஸ்பார் ஓவியரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். குமாஸ்தா அவரை அழைத்துப் போனபின் ஓவியர் படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

"அப்படிப் பிடிக்காதீங்க, கோட்டுல ஒட்டிக்கும்," என்றார் நீதிபதி தாழ்ந்த குரலில், விரல் நுனி வெள்ளையைக் கைக்குட்டையில் துடைத்தபடி. "மத்ததெல்லாம் நல்லாக் காஞ்சிருச்சு. குதிரை மட்டும்தான் இன்னும் காயல."