காணாமல் போன மலை

மேகம் இறங்கி மலையை மூடியதும், ஓடுபாதை ஓரமாக ஒரு கழுகு இறக்கையை மடக்கி உட்கார்ந்தது. பக்கத்தில் நின்ற குட்டி விமானத்துக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன கழுகு, நீயே உட்கார்ந்துட்டியா?"

"மலையைக் காணோம். அது வந்ததும் கிளம்பலாம்னு இருக்கேன்."

"மலை இல்லேன்னா வழி காலிதானே! அந்தப் பக்கம் போய் இறங்க இருபதே நிமிஷம்."

"போன மலை எங்கே நிக்குதுன்னு தெரியலையே."

விமானம் அதைக் காதில் வாங்கவில்லை. கம்பத்தில் தொங்கிக்கொண்டு காற்றின் போக்கைக் காட்டும் துணிப்பையிடம் கேட்டது. "காற்று எப்படி?"

"இங்கே துளிகூட இல்லை" என்றது துணிப்பை.

"அது போதும்" என்று விமானம் கிளம்பி மேகத்துக்குள் நுழைந்தது. உள்ளே மேலும் கீழும் ஒரே வெள்ளை. பாலில் மிதப்பதுபோல் இருந்தது. "என்ன சுகம்!" என்று அது முனகியது கழுகுக்குக் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் மேகம் கலைந்தது. மலை இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் தோளில் மட்டும், காலையில் இல்லாத ஒரு சின்ன இறக்கை வெயிலில் மின்னியது.

கழுகு துணிப்பையை நிமிர்ந்து பார்த்தது.

"நான் சரியாத்தான் சொன்னேன்" என்றது துணிப்பை. "இங்கே இன்னும் காற்றே இல்லை."