தேதி கிடைக்காத கதவு

கார் கழிந்து கூதிர் வந்து நிலைகொண்டது.

பொதிகையின் முடியைக் கண்டு பல நாளாயிற்று. மலையைவிட்டு இறங்கிய முகில் ஊருக்குள் நடந்தது. கோபுரத்துப் புறாக்கள் மாடக்குழிகளில் ஒடுங்கிக் கிடந்தன. ஈரம் சுவரில் ஏறியது, உடுத்த துணியில் ஏறியது, நெஞ்சிலும் ஏறியது. பகலுக்கும் அந்திக்கும் ஒரே நிறம். வாடை மட்டும் ஓயாமல், யாரையோ இழந்ததுபோல், தெருத்தெருவாகச் சுற்றியது.

நகராட்சிப் பள்ளிக்குப் பின்னால் இருந்த கருவேலங்காட்டில் முழங்கால் அளவு நீர் நின்றது.

மாணவியருக்கு அதுவரை அந்தக் காடுதான் மறைவிடம்.

நகர்மன்றக் கூட்டத்தில் அவள் கடைசி வரிசையில் இருந்தாள். புதிய உறுப்பினர். பள்ளி அவளுடைய வார்டில் இருந்தது.

பள்ளி வருகை பற்றிய பொருளை ஆணையர் வாசித்தார். மழை பிடித்த நாள் முதல் வராத எட்டாம் வகுப்பு மாணவியர் அறுவரை இடைநின்றோர் என்று அறிவித்துவிடலாம். காரணம், பெற்றோரின் அக்கறையின்மை.

அவள் எழுந்தாள்.

அறுவர் வீட்டுக்கும் தான் போய்வந்ததைச் சொன்னாள். செண்பகவடிவு என்னும் சிறுமி, பள்ளியில் ஒதுங்க இடமின்றி, காலை முதல் மாலை வரை ஒரு வாய் நீரும் பருகாமல் இருந்து, நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக விழுந்ததைச் சொன்னாள். இனி அனுப்பமாட்டேன் என்று அவள் தாய் தன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியதையும் மறைக்காமல் சொன்னாள்.

பள்ளி வளாகத்தில் மாணவியருக்கென்று கட்டிய புதிய கழிப்பறை ஆடி மாதத்திலிருந்து தயாராக நிற்கிறது. குழாயில் நீர் வருகிறது. கதவில் பூட்டுத் தொங்குகிறது. கல்வெட்டின்மேல் பட்டுத்திரை தொங்குகிறது. தலைநகரத்துப் பெரியவர் ஒருவர் வந்து திறந்துவைக்க வேண்டும். அவரிடம் தேதி கிடைக்கவில்லை.

மாணவர் நலப் பிரிவு இதுவரை என்ன செய்தது என்று கேட்டாள்.

அந்த மாணவியருக்குத் தன்னம்பிக்கை வகுப்பு நடத்தியிருப்பதாக ஆணையர் சொன்னார்.

தலைவர் சிரித்தார்.

"ஏம்மா, இதெல்லாம் சபையில பேசுத பேச்சா? தேதி கெடச்சா தொறந்திரப் போறோம். அதுவரைக்கும் பிள்ளைகளைக் கொஞ்சம் அடக்கிக்கிடச் சொல்லுங்க."

மேசைகள் தட்டப்பட்டன.

இந்தப் பொருளைக் கடைசியில் முடித்துக்கொள்ளலாம் என்று அவர் அடுத்ததற்குப் போனார்.

அவள் வெளியே போனாள். எதிரே இருந்த இரும்புக் கடையில் இரண்டு பூட்டுகள் வாங்கினாள். திரும்பி வந்து தன் இடத்தில் அமர்ந்தாள்.

தெருவிளக்குப் பற்றிப் பேசினார்கள். சந்தைக் குத்தகை பற்றிப் பேசினார்கள். தேநீர் வந்தது. குளிருக்கு இதமாக மறுபடியும் வந்தது.

அவள் பருகவில்லை.

இளமையில் மனனம் செய்த பதிகம் ஒன்று அவளுக்குள் ஓடியது. இறைவனிடம் இரங்கிக் கேட்கும் பதிகம். அன்று அதில் இரக்கம் வரவில்லை. ஒவ்வோர் அடியும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது.

துணைத்தலைவர் சர்க்கரை நோயாளி. முதலில் அவர் எழுந்தார். போன வேகத்தில் வந்தார். நாற்காலி நுனியில் அமர்ந்தார்.

பிறகு ஆணையர் போனார். வந்தார்.

பிறகு இருவர் சேர்ந்து போனார்கள்.

அலுவலக உதவியாளர் தலைவரின் காதில் குனிந்தார். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், இரண்டிலும் புதுப்பூட்டு; பூட்டியவர் கடைசி வரிசையில்.

வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

எல்லாத் தலைகளும் கடைசி வரிசைக்குத் திரும்பின. துணைத்தலைவர்தான் வாய் திறந்தார்.

"தாயி, சாவி ஒங்கிட்டதான் இருக்குன்னு சொல்லுதாவ. குடுத்துரும்மா."

அவள் எழுந்து அவரை முறைப்படி வணங்கினாள்.

"தொறக்காம என்ன அண்ணாச்சி. தொறப்பு விழாவுக்குப் பெரியவர்கிட்ட தேதி கேட்டிருக்கு. இன்னும் கெடைக்கல. அதுவரைக்கும் கொஞ்சம் அடக்கிக்கிடுங்க."

யாரும் மேசையைத் தட்டவில்லை.

தலைவர் காவல் நிலையத்தின் பெயரைச் சொன்னார். நடவடிக்கை என்றார். பொம்பளையாச்சே என்று பார்க்கிறேன் என்றார். அவள் நின்றுகொண்டே கேட்டாள். அவளுக்கும் அடிவயிறு கல்லாக இறுகியிருந்தது. காலையிலிருந்து ஒதுங்காதவள் அவளும்தான். கால் மாற்றாமல் நின்றாள்.

துணைத்தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மூடிய கண்ணோடு, தலைவர் பக்கம் திரும்பி, யோவ் என்றார்.

அவ்வளவுதான்.

அறுவர் பெயரும் நீங்காது என்று தலைவர் அறிவித்தார். நின்றபடியே அறிவித்தார். தீர்மானத்துக்கு ஆல் பாஸ் என்ற குரல் அந்த மன்றத்தில் அத்தனை ஒருமித்து அதற்குமுன் எழுந்ததில்லை.

ஆணையரின் மேசை இழுப்பறையிலிருந்து பள்ளிக் கழிப்பறையின் சாவி வந்தது. அது தன் கைக்கு வந்தபிறகே அவள் தன் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

மறுநாள் காலை செண்பகவடிவு வந்தாள். தாய் அவள் கையை விடவில்லை. இன்னும் நம்பவில்லை.

மேளம் இல்லை. மாலை இல்லை. யாரும் திரையை விலக்கவில்லை.

அவள் முந்தைய நாள் வாங்கிய சாவியால் பூட்டைத் திறந்தாள். கதவு உள்நோக்கி நகர்ந்தது.

உள்ளே போகவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். குனிந்தாள். இரண்டு கைகளாலும் வாசற்படியைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். உதடுகள் சிறிது நேரம் அசைந்தன.

தாயின் பிடி தளர்ந்தது.

வாசலிலிருந்து அவள் ஒதுங்கி வழிவிட்டாள். சிறுமியின் தலைமேல் கையை வைத்தாள்.

"பயப்படாமப் போ, தாயி. மகராசியா இரு."