சீப்புக்கு விழுந்த ஓட்டு

“உள்ளதச் சொல்லு. யாருக்குக் குத்துன?”

முத்திருளன் போட்ட சத்தத்தில் காலனித் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

“சத்தியமா அம்மாவுக்குத்தாங்கய்யா. பூட்டு சாவியிலதான் குத்துனேன்” என்றாள் தங்கப்பொண்ணு.

“அப்ப சீப்புக்கு விழுந்த ஒத்த ஓட்டு வானத்துலருந்து குதிச்சுச்சா?”



ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தல். அந்த வார்டு இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதனால் கட்சியின் கிளைச் செயலாளர் முத்திருளன் தன் மனைவி கனகலட்சுமியை நிறுத்தினார். எதிர்க்கட்சிக்காரர்கள் பாண்டீஸ்வரியை நிறுத்தினார்கள். வார்டுத் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஆனாலும் யார் எந்தக் கட்சி என்று ஊருக்கே தெரியும். கனகலட்சுமிக்குப் பூட்டு சாவிச் சின்னம்.

சீப்புச் சின்னத்தில் நின்ற மூன்றாவது வேட்பாளர் தங்கப்பொண்ணு. அதுவும் முத்திருளன் ஏற்பாடுதான். அவர் வயலில் வேலை செய்கிறவள். அவள் புருஷன் சுருளி அவருடைய டிராக்டரை ஓட்டுகிறவன்.

“நீ பேருக்கு நின்னாப் போதும். உம் பேரச் சொல்லி பூத்துக்குள்ள நம்ம ஆளு இன்னொருத்தன ஏஜெண்டா உக்கார வச்சுக்கிருவேன். ஓட்ட மட்டும் அம்மாவுக்குப் போட்டுரு” என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்.

எண்ணி முடித்தபோது பாண்டீஸ்வரி 143. கனகலட்சுமி 142. தங்கப்பொண்ணு 1.

முத்திருளன் சண்டை போட்டு மறுபடியும் எண்ண வைத்தார். அதே கணக்குதான் வந்தது.

“அந்த ஒரு ஓட்டு விழுந்திருந்தா சமமாயிருக்கும். குலுக்கல்ல நான் பாத்துக்கிட்டிருப்பேன். துணைத் தலைவர் பதவியே என் வீட்டுக்கு வந்திருக்கும்” என்று கத்தினார் இப்போது.

“அச்சுல பேரப் பாத்ததும் ஆச வந்துருச்சுண்ணே அவளுக்கு” என்றான் அழகுபாண்டி. தங்கப்பொண்ணுவின் ஏஜெண்டாக பூத்துக்குள் உட்கார்ந்திருந்தவன் அவன்தான்.

சுருளி அவள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான். “போட்டிருந்தா ஒத்துக்கிட்டு ஐயா கால்ல விழுந்துரு புள்ள.”

“நீயுமாய்யா?” என்றாள் அவள்.

அவர்களுக்கு எதிரே கனகலட்சுமி நின்றிருந்தாள். ‘இவ மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்’ என்று முத்திருளன்தான் கையோடு கூட்டி வந்திருந்தார்.

“அம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க. நான் அப்படிச் செய்யிறவளா?”

கனகலட்சுமி தலை குனிந்துகொண்டாள்.

“சரி, நீ போடலன்னே வச்சுக்குவோம்” என்றார் முத்திருளன். “வேற எவன் போட்டான்? லிஸ்ட வச்சு ஒவ்வொரு வீடாப் போயி விசாரிக்கிறேன். எவனா இருந்தாலும் சரி, எவளா இருந்தாலும் சரி, உசுரோட விட மாட்டேன்.”

தங்கப்பொண்ணு கனகலட்சுமியின் குனிந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

“யாரையும் விசாரிக்க வேணாங்கய்யா. எனக்கு நானேதான் போட்டுக்கிட்டேன்.”

“பாத்தியா! இம்புட்டு நேரம் சத்தியம் பண்ணுன வாயி!” என்றான் அழகுபாண்டி. யாரோ காறித் துப்பினார்கள்.

அன்றைக்கே சுருளியிடமிருந்து டிராக்டர் சாவியை வாங்கிக்கொண்டார் முத்திருளன். மறுநாளிலிருந்து தங்கப்பொண்ணுவை யாரும் வயல் வேலைக்குக் கூப்பிடவில்லை. சுருளி அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டான்.

ஒரு மாதம் போயிற்று.

காலை நேரம். நாகமலை புதுக்கோட்டையில் கட்டட வேலைக்குப் போவதற்காக, தூக்குவாளியோடு பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள் தங்கப்பொண்ணு. முத்திருளனின் பைக் வந்து நின்றது. கனகலட்சுமியை இறக்கிவிட்டு, “இங்கயே நில்லு. பெட்ரோல் போட்டுட்டு வாரேன்” என்று போனார்.

ஸ்டாப்பில் வேறு யாரும் இல்லை.

“தங்கப்பொண்ணு, நீ பூட்டு சாவிக்குத்தான குத்துன?”

“ஆமாம்மா.”

“பெறகு ஏன் ஒத்துக்கிட்ட?”

“உங்க மூஞ்சியப் பாத்தேன். புரிஞ்சுபோச்சு. ஐயா விசாரிச்சுக்கிட்டே வந்தா கடைசியில உங்ககிட்டதான வந்து நிப்பாரு?”

கனகலட்சுமிக்குக் கண் கலங்கியது.

“நான்தான் போட்டேன். ஓட்டுக் கேட்டு காலனிக்குள்ள வந்தப்ப, குழாயில தண்ணி வரலன்னு பொம்பளைங்க என்கிட்டச் சொல்லல, உன்கிட்டதான் சொன்னாங்க. நீயும் ஒவ்வொரு வீட்டு வெவரத்தையும் நின்னு கேட்ட. நான் ஜெயிச்சா அவரு நீட்டுற தாள்ல கையெழுத்துப் போடுவேன். அம்புட்டுத்தான். பேப்பரக் கையில வாங்குனப்ப, நெசமாவே நிக்க வேண்டியவ நீதான்னு தோணுச்சு. குத்திட்டேன். ஒரு ஓட்டுல தோப்பேன்னு நெனைக்கலடி.”

தங்கப்பொண்ணு தூக்குவாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“சுருளிகிட்டயாச்சும் சொன்னியா?”

“சொல்லலம்மா. குடிச்சா ஒளறிருவாரு. பேசாட்டிப் போகட்டும்.”

கனகலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “போதும். இதுக்கு மேல என்னால முடியாது. இன்னைக்கே அவருகிட்ட உண்மையச் சொல்லிர்றேன். அடிச்சா அடிக்கட்டும்.”

வேண்டாம் என்று சொல்வாள் என எதிர்பார்த்திருப்பாள் போல. தங்கப்பொண்ணு அப்படிச் சொல்லவில்லை.

“சொல்லுங்கம்மா. எங்க வீட்டுக்காரருக்கு டிராக்டர் வேலையாச்சும் திரும்பக் கெடைக்கட்டும். என்னாலயும் முடியல. சிமெண்டுச் சட்டி தூக்கித் தூக்கிக் கழுத்து விட்டுப்போச்சு.”

பைக் சத்தம் கேட்டது. கனகலட்சுமி கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

முத்திருளன் வண்டியை நிறுத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அவகிட்ட உனக்கு என்னடி பேச்சு?”

தங்கப்பொண்ணு நிமிர்ந்து கனகலட்சுமியின் வாயையே பார்த்தாள்.

கனகலட்சுமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பைக்கில் ஏறி உட்கார்ந்தாள்.

“ஏன்டி பாவி, எனக்கு இப்படித் துரோகம் பண்ணுனன்னு கேட்டேங்க.”