அடக்கமான வாசிப்பு

“கழுத்துல ஒண்ணுமில்ல. வயித்துலதான் அறுத்து வெச்சிருக்கான்” என்றார் தாவீது, டார்ச்சை அணைக்காமல்.

அரசு தலையில் கை வைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தான். எதிரே பெஞ்சில் மல்லாந்து கிடந்தது அவனுடைய பேஸ் கிட்டார்.

கடல் காற்றில் துருப்பிடித்த மூன்று குமிழ்களை மாற்றத்தான் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த தாவீதின் ரேடியோ கடைக்கு அதைக் கொண்டுவந்திருந்தான். தகட்டைக் கழற்றினால், சத்தத்தை வெளியே கொண்டுபோகிற ஒயர் இரண்டு துண்டாகக் கிடந்தது.

“தானா அறுந்திருக்கும்ண்ணே.”

“தானா அறுந்தா நாரு நாராப் பிரியும். இது கத்தியில ஒரே இழுப்பு. அதுவும் பழைய வெட்டு, முனையெல்லாம் கறுத்துப் போய் கீது. இத்தினி நாளா சத்தமே வந்திருக்காதே, உனக்குத் தெரியல?”

“பேஸு காதுல கேக்காதுண்ணே, நெஞ்சுலதான் அதிரும்” என்றான் அரசு பெருமையாக. “எனக்கு ஒவ்வொரு கச்சேரியிலயும் அதிருதே!”

மேடையில் அவனுக்கு ஒரு முழம் பின்னால்தான் பரணிதரனின் டிரம்ஸ் இருக்கும்.

தாவீது ஒயர் முனையை நகத்தால் சுரண்டினார். காய்ந்து ஒட்டியிருந்த ஏதோ ஒன்று உதிர்ந்து, டார்ச் வெளிச்சத்தில் மின்னியது. “இன்னா இது, ஜிகினாவா?”

அரசு எழுந்தேவிட்டான். அவர்கள் இசைக்குழுவில் ஜிகினாச் சட்டை போடுகிறவன் ஒருவன்தான். “பரணி! அவன் மச்சானக் கொண்டாந்து என் எடத்துல நிக்க வெக்கப் பாக்கறான்ணே!”

ஒரு வாரமாகவே அவனுக்குத் தூக்கம் இல்லை. குழுத் தலைவர் சின்னையன் புதிதாக ஒரு கீபோர்டு வாங்கியிருந்தார். “பேஸும் இதுலயே வருதுப்பா. மகாபலிபுரம் திருவிழா முடியட்டும், பேசுவோம்” என்று சொல்லியிருந்தார். போன மாதம் வரை, “அரசு மாதிரி அடக்கமா வாசிக்க இந்த ஜில்லாவுலயே ஆள் கெடையாது” என்று சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

கல்யாணத்துக்கு முன்பு எந்தக் குழுவிலும் அரசு ஒரு சீசனைத் தாண்டியதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஒரே குழுவில் ஐந்து வருஷம். எல்லாம் ஷீலா வந்த ராசி என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவந்தான்.

அந்த ஷீலாவே, மார்க்கெட்டில் மீன் விற்று முடித்து, காலிக் கூடையோடு கடைக்குள் வந்தாள். முழங்கையில் ஒட்டியிருந்த செதிலைத் தட்டிவிட்டுக்கொண்டே பெஞ்சைப் பார்த்தாள்.

“நாப் மாத்தறேன்னுதானேய்யா வந்த? இன்னாத்துக்கு இத்தப் பொளந்து போட்டுகினு கீற?”

“உள்ள ஒயரு கட்டுடி.”

“கெடக்கட்டும். வெளியவா தெரியுது? தாவீது அண்ணே, நாப்ப மட்டும் மாத்திக் குடுத்துடு.”

அரசு சிரித்தான். “மியூசிக்கப் பத்தி உனுக்கு இன்னாடி தெரியும்? ஒயர் இல்லாமயே இத்தினி கைத்தட்டு வாங்கியிருக்கேன். ஒயரோட வாசிச்சா இன்னா ஆவும்னு நெனச்சுப் பாரு!”

ஷீலா நினைத்துப் பார்த்தாள் போலிருந்தது. கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தாவீது புது ஒயர் இழுத்து, வால்யூம் கண்ட்ரோல்களை மாற்றி, மேலே தங்க நிறத்தில் மூன்று குமிழ்களைப் பொருத்தினார். திருவிழா வரை அரசு கிட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டே தூங்கினான். பரணி பக்கத்தில் வந்தால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மகாபலிபுரத்துக்குத் தெற்கே மாமனார் ஊர்க் குப்பத்தில் திருவிழாக் கச்சேரி. அம்மன் கோயிலுக்கு எதிரே மேடை, அதற்குப் பின்னால் கடல். முதல் வரிசையில் மாமனார் சிங்காரம், சொந்தக்காரர்கள் புடைசூழ உட்கார்ந்திருந்தார்.

அரசு மூன்று குமிழ்களையும் கடைசிவரை திருகினான். எங்கோ பனி பெய்யும் ஒரு நாட்டின் பெரிய அரங்கில் நிற்பதாக நினைத்துக் கண்ணை மூடினான். வாசித்தான்.

பாடகி வரலட்சுமியின் பாட்டு படாளம் பஸ் ஸ்டாப்பில் இருந்தபோது அரசுவின் விரல்கள் அடுத்த ஊரான கருங்குழியைத் தாண்டிக்கொண்டிருந்தன. சுருதி எந்த ஊரில் இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்பீக்கர்கள் உறுமின. மேடைக்கடியில் படுத்திருந்த நாய்கள் எழுந்து கடலைப் பார்த்து ஓடின. வரலட்சுமி பாட்டை நிறுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள்.

சிங்காரம் எழுந்து நின்று கத்தினார். “யார்ரா அங்க? ஜெனரேட்டரு பூட்ச்சு, ஆஃப் பண்ணுங்கடா!”

சின்னையன் கீபோர்டை விட்டு இறங்கி வந்து, கிட்டாரில் செருகியிருந்த ஒயரைப் பிடுங்கிப் போட்டார். பாட்டு மறுபடி தொடங்கி அழகாக முடிந்தது. கூட்டம் கைதட்டியது.

“நாளைலேர்ந்து கீபோர்டே போதும்பா” என்றார் சின்னையன், அவன் முகத்தைப் பார்க்காமல்.

இடைவேளையில் அரசு மேடைக்குப் பின்னால் பாய்ந்து பரணியின் ஜிகினாச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். “அன்னிக்கு ஒயர அறுத்த. இன்னிக்கு இன்னாடா பண்ணித் தொலச்ச?”

“அண்ணாத்த, சத்தியமா உன் கிட்டார நான் தொட்டதேயில்ல!”

ஷீலா ஓடிவந்து நடுவில் நுழைந்தாள். அரசுவின் விரல்களைச் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

“அவன வுடுய்யா. ஷீலா ராசி, ஷீலா ராசின்னியே... அது மீன் அறுக்கற கத்திய்யா.”